பத்துக்கு ஒன்பதரை

அந்த ஏழு மாடி அலுவலகத்தில் கடுதாசி எழுதும் வழக்கம் ஒரு நல்ல நாளில் ஒழிக்கப்பட்டது. யாருக்கு எது வேண்டுமானாலும் இனி கீழ்த்தள அரங்கின் மேடையில் ஏறி, திரையில் படம் போட்டு, ஏழே நிமிடத்தில், கேட்போர் உள்ளம் கவரும் வண்ணம் உரையாற்றியே பெற்றுக்கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சுற்றறிக்கை மட்டும் கடுதாசியாகத்தான் வந்தது. அதைக் கவனித்தவர்கள் வாயைத் திறக்கவில்லை, பிள்ளைகுட்டிக்காரர்கள்.

தபால் பிரிவு குமாஸ்தா பல்வலிக்கு அரைநாள் லீவு கேட்டு, வீங்கின கன்னத்தோடு ‘பல்: நேற்று, இன்று, நாளை’ என்ற தலைப்பில் பேசினார். உச்சரிப்பில் தெளிவு போதாது என்று லீவு மறுக்கப்பட்டது. இப்படித் திட்டம் ஜாம் ஜாமென்று நடந்துகொண்டிருந்த வேளையில்தான் ஸ்பேனருக்கு வேளை வந்தது.

ஸ்பேனர் என்பது அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர். மற்றவர்கள் பேனா குத்தும் சட்டைப் பையில் அவர் ஸ்பேனரைக் குத்தியிருப்பார். ஒரு காலை மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போனவர், லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிற்றைத் தடவிப் பார்த்தார். அறுந்த இழைகள் கையைக் குத்தின. எண்ணினார். பதினாறு. ஏழாவது மாடிக்கு இறங்கி ஓடினார். ஏனென்றால் அங்கே ரெக்கார்டு ரூமில் வேலை செய்பவள் அவர் மனைவி. ஃபைல் கட்டுகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இருபது தடவை அந்த லிஃப்டில்தான் ஏறி இறங்குவாள்.

“நாளையிலேர்ந்து படியில ஏறு” என்றார் அவளிடம்.

“முட்டி வலியில வீட்டு வாசப்படி ஏறவே உயிர் போகுது. வண்டியை நீங்க தூக்கிட்டு வருவீங்களா? அந்தக் கயித்தை மாத்தித் தொலைங்க, அதுக்குத்தானே உங்களை வச்சிருக்காங்க!”

அவரே லிஃப்டை நிறுத்திவிடலாமே என்பீர்கள். லிஃப்டை ஓட வைக்கத்தான் அவருக்கு அதிகாரம். நிறுத்துவதற்கு இயக்குநர் கையெழுத்து வேண்டும். போன வருஷம் தானாக ஒருமுறை நிறுத்தினார். இயக்குநர் மூன்று மாடி நடந்தார். ஸ்பேனர் ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே பேசுவதற்குப் பெயர் கொடுத்தார். பேசுகிறவர்களைத் தயார் செய்வதற்கென்றே அலுவலகம் ஒருவரை நியமித்திருந்தது. பேச்சு மாஸ்டர் என்பார்கள். சிரிக்காத நேரத்திலும் பல் தெரியும்.

“சொல்லுங்க, என்ன பேசப் போறீங்க?”

“கயிறு அறுந்துடும் சார்.”

“ஐயையோ, எடுத்த எடுப்பிலேயே விஷயத்தைச் சொல்லிட்டா அப்புறம் ஏழு நிமிஷம் யார் உட்காருவா? முதல்ல ஒரு கேள்வி கேளுங்க. ‘நண்பர்களே, உங்களைத் தாங்குவது எது?’ மூணு செகண்ட் மௌனம். அப்புறம் வலது கையை மெதுவா விரிக்கணும்.”

“இழை அறுந்த கயித்தைப் போட்டோ எடுத்து வச்சிருக்கேன் சார்.”

மாஸ்டர் பார்த்து முகம் சுளித்தார். “கிரீஸா இருக்கே. இதெல்லாம் பார்வையாளர் மனசைக் கஷ்டப்படுத்தும். சூரிய உதயம் போடுங்க.”

“சூரியனுக்கும் லிஃப்டுக்கும்...”

“ரெண்டும் மேல போகுதா இல்லையா?”

ஸ்பேனருக்கு அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று கையை விரித்துப் பழகினார். அந்த நாளும் வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு மதிப்பெண் தாள். கண் தொடர்பு, கையசைவு, குரல் ஏற்ற இறக்கம், புன்னகை, தொடக்கக் கேள்வி என்று பத்துக் கட்டங்கள். பேசினவர் என்ன சொன்னார் என்பதற்குக் கட்டம் கிடையாது. தாளில் இடம் போதவில்லையாம்.

“நண்பர்களே, உங்களைத் தாங்குவது எது?” என்றார் ஸ்பேனர். மூன்று செகண்ட் மௌனம். நூறு பென்சில்கள் டிக் அடிக்கும் சத்தம் கேட்டது. கையை விரித்தார். திரையில் சூரியன் உதித்தது. “பதினாறு இழை அறுந்துவிட்டது!” என்று குரலை ஏற்றினார். “மிச்சமும் அறுந்துகொண்டிருக்கிறது” என்று குரலை இறக்கினார். முன்வரிசையில் இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆகவே இன்றே லிஃப்டை நிறுத்துங்கள்” என்று புன்னகையோடு முடித்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

பத்துக்கு ஒன்பதரை! அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் வாங்காத மார்க்கு. இயக்குநர் மேடையேறி ஸ்பேனரின் கையைக் குலுக்கினார்.

“அந்த மௌனம் இருக்கே, மனசுக்குள்ளே எண்ணினீங்களா?”

“ஆமாங்க சார். சார், அந்தக் கையெழுத்து...”

“தாராளமா!” என்று இயக்குநர் பாராட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் காகிதத்தை வாங்கினபோது ஸ்பேனருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பிறந்ததிலிருந்து அவருக்கு யாரும் கைதட்டியதில்லை. வாசலில் வண்டியோடு நின்ற மனைவி, “கயிறு என்ன ஆச்சு?” என்று கேட்டாள்.

“ஒன்பதரை!” என்றார் இவர், பல்லெல்லாம் தெரிய.

மனைவி வண்டியைப் பார்த்தாள். மதிப்பெண் தாள்களை உடனே ரெக்கார்டு ரூமில் சேர்க்கச் சொல்லி அதில் குவித்திருந்தார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை லிஃப்டுக்குள் தள்ளினாள். இயக்குநரும் மாஸ்டரும் கூடவே ஏறினார்கள். யாரோ கைகொடுக்க வந்ததால் ஸ்பேனர் அதைப் பார்க்கவில்லை.

நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் படாரென்று இன்னும் சில இழைகள் அறுந்த சத்தம். லிஃப்ட் ஒரு முழம் இறங்கியது. அவசர பிரேக் கடித்துப் பிடித்துக்கொண்டது.

ஸ்பேனர் ஐந்தாவது மாடிக்கு ஓடினார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. உள்ளேயிருந்து இயக்குநரின் குரல் வந்தது: “காப்பாத்துங்க! யாராவது வாங்களேன்!”

“குரல் ஏற்ற இறக்கம் பிரமாதம்” என்றார் கணக்குப் பிரிவு அதிகாரி, மீந்துபோன தாளில் டிக் அடித்தபடி.

“கண் தொடர்பு?”

“கதவு மூடியிருக்கே.”

“அப்ப பூஜ்யம்தான் போடணும். விதின்னா விதி.”

ஸ்பேனர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஆனால் பழக்கதோஷம், வலது கை தானாக விரிந்தது. “நண்பர்களே...” என்று தொடங்கி மூன்று செகண்ட் நிறுத்தினார்.

உள்ளேயிருந்து மனைவி கத்தினாள்: “ஏங்க! வாயைப் பொளந்துகிட்டு நிக்காம மேல போய்க் கையால சுத்துங்க!”

“வணக்கம் சொல்லலை” என்று யாரோ முணுமுணுத்துக் குறித்துக்கொண்டார்கள். ஸ்பேனர் மட்டும் மொட்டை மாடிக்குப் பறந்தார். மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்து, கண்ணில் நீர் வழிய, அங்குலம் அங்குலமாகச் சுற்றி லிஃப்டை ஐந்தாவது மாடிக்கு ஏற்றினார்.

இயக்குநர் வெளுத்துப்போய் வெளியே வந்தார். “கயிறு இவ்வளவு மோசம்னு ஏன் யாருமே எங்கிட்ட சொல்லலை?”

மூச்சு வாங்க இறங்கி வந்த ஸ்பேனர் சொன்னார்: “காலையில ஏழு நிமிஷம் சொன்னேனே சார்.”

“அது பேச்சுய்யா!” என்றார் இயக்குநர்.

புதுக் கயிற்றுக்குத் தலைமையகம் உத்தரவு தரவேண்டும். தலைமையகத்திலும் கடுதாசி ஒழிந்துவிட்டது. ஆகவே இயக்குநரே பேசப் போனார். அதுவரை லிஃப்டை நிறுத்திவைக்கக் கையெழுத்துப் போடவேண்டியவர் ஒத்திகையில் இருந்ததால் லிஃப்ட் ஓடிக்கொண்டேயிருந்தது. மனைவி மட்டும் கட்டுகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, படிக்கு ஒரு தரம் முனகியபடி ஏறினாள். அந்த முனகல் ஸ்பேனரைப் பிடுங்கித் தின்றது.

பத்தாம் நாள் இயக்குநர் திரும்பினார், கையில் சான்றிதழோடு.

“கயிறு சார்?”

“ஒன்பதே முக்கால்!” என்றார் இயக்குநர், பல்லெல்லாம் தெரிய.

ஸ்பேனர் அன்று ஒரு சாக்பீஸ் எடுத்தார். கீழ்த்தள லிஃப்ட் கதவில் முழ உயர எழுத்தில் ‘கயிறு அறுகிறது. ஏறாதீர்கள்’ என்று எழுதினார். வேலை போனால் போகட்டும் என்று மனைவியின் கட்டுகளைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஏழு மாடி நடந்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்து பார்த்தால், அவர் எழுத்துக்குக் கீழே யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: ‘தொடக்கத்தில் கேள்வி இல்லை. பத்துக்கு இரண்டு.’

கேள்வியோடு தொடங்கியிருக்கலாமோ என்று ஒரு கணம் அவருக்கே தோன்றியது. பிறகுதான் மார்க்குப் போட்டவரைத் தேடினார். ஆள் அங்கே இல்லை. லிஃப்டில் ஏறிப் போய்விட்டிருந்தார்.