சாயம் போன நாயைப் பற்றி மாப்பிள்ளைக்கு

கடல் மேல் இருக்கும் மாப்பிள்ளை அவர்களுக்கு, தரை மேல் இருக்கும் மாமனார் சொல்லச் சொல்ல, மாடி வீட்டு டீச்சரம்மா எழுதுவது. இங்கு நான் சுகம். உங்கள் மனைவி, அதாவது என் மகள், தும்மலைத் தவிர மற்றபடி சுகம். உங்கள் கப்பலும் அதன் இயந்திர அறையும் அதற்குள் எண்ணெய்க் கையோடு நிற்கும் நீங்களும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வேண்டுதல் முடிந்தது. இனி அந்த நாய்.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் "மாப்பிள்ளை, அந்த நாய்" என்று ஆரம்பித்ததும் உங்கள் பக்கம் காற்று வீசத் தொடங்கிவிடுகிறது. "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று இரண்டு தடவை கேட்கிறது, பிறகு போன் செத்துப்போகிறது. காகிதத்தில் காற்று வீசாது. உங்கள் கம்பெனி ஆபீசில் கடிதத்தைக் கொடுத்தால் படம் பிடித்து அன்றைக்கே கப்பலுக்கு அனுப்பிவிடுவார்களாம். ஆகையால் முழுவதும் படியுங்கள். நீங்கள் செய்தது பெரிய அவசரம். முட்டாள்தனம் என்றுதான் நான் சொன்னேன். மாப்பிள்ளைக்கு அப்படி எழுதக் கூடாது என்று டீச்சரம்மா 'அவசரம்' என்று போட்டிருக்கிறார். நீங்கள் படிக்கையில் நான் சொன்ன சொல்லையே வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மனைவிக்கு ஒரு துணை வேண்டும் என்று நாய் வாங்கினீர்கள். நல்லது. ஆறு மாதம் கடலில் இருப்பவருக்கு அந்தக் கவலை வரத்தான் செய்யும். ஆனால் எழுபத்தெட்டு வயதில் நான் ஒருவன் அதே வீட்டில், அதே கூடத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேனே, நான் என்ன தலையணையா? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கவில்லை. எழுதச் சொன்னேன், அவ்வளவுதான். சரி, வாங்குவது என்று முடிவானதும் தெருவில் எத்தனை நாய் இல்லை? அவளுக்கு முடி பட்டால் மூச்சு இழுக்கும் என்று, முடியே கொட்டாத நாயைப் போனில் படம் பார்த்துப் பிடித்தீர்கள். அப்பன் சுருட்டை முடி ஜாதி, ஆத்தாள் பட்டு முடி ஜாதி, இரண்டையும் சேர்த்தால் முடி கொட்டாது, குரைப்பு குறைவு, குணம் தங்கம், நிறம் தேன். இதற்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். கேட்டுத் தெரிந்துகொண்டால் எனக்கும் மூச்சு இழுக்கும்.

அதைக் கூட்டிவர என்னைத்தானே அனுப்பினீர்கள்? போனேன். அந்த நாய்க்காரர் வீட்டுக் கூடத்தில் கம்பளம், கண்ணாடி, வாசனை. என்னை உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்குமா, மாடிப்படி எத்தனை, வீட்டில் யாராவது கோபக்காரரா. என் பெண்ணை உங்களுக்குக் கொடுத்தபோது நான் இதில் பாதி கேட்டிருந்தால் உங்கள் அம்மா எழுந்து போயிருப்பார்கள். நான் கேள்வியே கேட்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அப்போது என் சலவைக்கடைக்குத் துணி போட்டுக்கொண்டிருந்த தனிக்கட்டை. மூன்று வருஷம் உங்கள் சட்டைக் காலரைப் பார்த்தேன். சிகரெட் வாடை இல்லை, பையில் சினிமாச் சீட்டு ஒன்றுதான் இருக்கும், இரண்டு இருந்ததில்லை. அதை வைத்துப் பெண் கொடுத்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது, துணியில் போடும் சலவைக் குறி தெரியும். இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக் குறியும் இன்றைக்கும் மனதில் இருக்கிறது. உங்கள் குறி இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு.

அப்புறம் ஒரு பெரிய நாயைக் காட்டி, "இதுதான் தாய், பெரியவரே" என்றார். கம்பளத்தில் மகாராணி மாதிரி படுத்திருந்தது. எனக்கு அதன் வயிற்றின் மேல்தான் கண். ஐந்து குட்டி போட்டு இரண்டு மாதமான வயிறு இப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்தது போல் தட்டையாக இருந்தது. கேட்டேன். "அது ஒடம்ப நல்லா பாத்துக்குது பெரியவரே" என்றார். ஐந்து குட்டியையும் ஒரு பெட்டியில் கொண்டுவந்தார். ஐந்தும் ஒரே கடையில் எடுத்த கைக்குட்டை. இடது காது தப்பாக இஸ்திரி போட்டது போல் உள்பக்கம் மடிந்திருந்த ஒன்றைக் காட்டினேன். "நல்ல தேர்வு. குளிப்பாட்டி, வாசனை போட்டு ரெடி பண்ணிக் கொண்டாரேன்" என்று உள்ளே எடுத்துப்போகப் பார்த்தார். மாப்பிள்ளை, நான் நாற்பத்தாறு வருஷம் கடை நடத்தியவன். ஒரே மாதிரி ஐந்து உருப்படி, கண்ணை விட்டு மறைந்தால் எது திரும்பி வரும் என்று யாருக்குத் தெரியும்? கடையை மூடிப் பன்னிரண்டு வருஷமாகியும் குறி மைப் புட்டி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அவர் காகிதம் எடுக்கத் திரும்பிய நேரத்தில் குட்டியின் வலது காதைத் திருப்பி உள்பக்கம் இரண்டு புள்ளி, ஒரு கோடு. குட்டி என் விரலை நக்கியது, வேறொன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் காதைப் பார்த்தேன். நம் உருப்படிதான். அந்த ஒரு காரியத்தில் என்னை யாரும் ஏமாற்றவில்லை. மற்ற எல்லாக் காரியத்திலும் ஏமாந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அதற்குத் தேனு என்று பெயர் வைத்தாள். வைத்த கையோடு தும்மினாள். "புது எடம்ப்பா, அதான்" என்றாள். புது இடம் நாய்க்குத்தானே, இவள் ஏன் தும்முகிறாள்? முதல் நாள் ஒன்பது தும்மல். இரண்டாம் நாள் பதினான்கு. நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்து சமையலறைக்குள் போய்த் தும்முகிறாள், அதையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன். மூன்றாம் நாள் தேனு சாக்கடை ஓரம் புரண்டுவிட்டது. குளியலறையில் வைத்துக் கழுவினேன். தண்ணீர் மஞ்சளாக ஓடியது. சேறு என்று நினைத்தேன். இரண்டாம் வாளி அதைவிட மஞ்சள். வெள்ளைத் துண்டால் துடைத்தேன், துண்டு தேன் நிறமாகிவிட்டது, நாய் சாம்பல் நிறமாகிவிட்டது. மாப்பிள்ளை, சாயம் போட்டிருக்கிறார்கள்! ஒரு சட்டையை வாங்கினால்கூட ஓரத்தை நனைத்துத் தேய்த்துப் பார்ப்பவன் நான். நாயின் ஓரத்தை நனைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பெயரை மாற்றலாம் என்றால், அதற்குள் அது தேனு என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டது. இப்போது சாம்பலைத் தேன் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

முடி கொட்டாது என்றீர்களே, என் கறுப்புக் கால்சட்டையைப் பார்த்தால் நாயே அதற்குள் இருக்கிறது என்று நினைப்பீர்கள். அதைச் சொல்லித்தான் மாடிப்படியில் தகராறு வந்தது. டீச்சரம்மாவிடம் ஒரு நாய் இருக்கிறதே, ஒரு கண் இல்லாதது, மருத்துவமனை வாசலில் கிடந்ததைத் தூக்கிவந்தது, அதற்கு எத்தனை ஜாதி என்று அதற்கே தெரியாது. "காசு குடுத்து ஒருத்தன வளக்கச் சொல்லி வாங்குறதுக்கு, காப்பகத்துல எத்தன உசுரு காத்துக் கெடக்கு" என்றார். என் மகள் விடவில்லை. "டீச்சரம்மா, எனக்கு மூச்சு இழுக்கும். இது முடி கொட்டாத வகை." "முடி இருக்குற எதுவும் கொட்டும்மா. என் தலையப் பாரு." "அதெல்லாம் ஆராய்ச்சி பண்ணித்தான் அவர் வாங்கினாரு." "எங்க, கடல்ல இருந்தா?" இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்க முடியுமா? உங்கள் பக்கம்தான் பேசினேன். "அவர் செஞ்சா அதுல ஒரு யோசன இருக்கும்" என்றேன். என்ன யோசனை என்று டீச்சரம்மா கேட்டார். எனக்குப் படி ஏறிய களைப்பு வந்துவிட்டது. ஆனால் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், டீச்சரம்மா எழுதினாலும் பரவாயில்லை: தெருவில் இரண்டு ஜாதி நாய் தானாகச் சேர்ந்தால் கல்லை எடுக்கிறோம், அதே காரியம் கம்பளத்தின் மேல் நடந்தால் பெயர் பதிந்துவைத்து வரிசையில் நிற்கிறோம். இதில் எந்த நாய்க்கு என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை. டீச்சரம்மா இந்த வரியின் கீழே கோடு போட்டிருக்கிறார். நான் போடச் சொல்லவில்லை.

அது மட்டுமா? உங்கள் தலையணையைத் தின்றுவிட்டது. உங்கள் திருமணப் படத்தில் உங்கள் பக்கத்தை மட்டும் கடித்துவிட்டது, மகள் பத்திரமாக இருக்கிறாள். குரைப்பு குறைவு என்பது உண்மை, குரைப்பதில்லை, ஊளையிடுகிறது. என் இஸ்திரிப் பெட்டியைக் கண்டால் மட்டும் பயம். அதனால் தினமும் காலையில் நான் இஸ்திரி போடும் போது என் காலுக்கடியில் வந்து, பயந்துகொண்டே, அங்கேயே படுக்கிறது. பயந்தால் தூரப் போக வேண்டும் என்ற அறிவுகூட இல்லாத ஜாதி.

இன்று எட்டாவது நாள். தும்மல் இருபத்தாறு. பத்து நாளுக்குள் கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாக அவர் கொடுத்த காகிதத்தில் இருப்பதை டீச்சரம்மா படித்துச் சொன்னார். வாங்கியவரே சொல்ல வேண்டும், நாய் கொடுத்தபடியே இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஆகவே மாப்பிள்ளை அவர்கள் உடனே அந்த ஆளுக்குப் போன் போட்டு, காற்று வீசாத இடமாகப் பார்த்து நின்று, நாயைத் திருப்பி எடுக்கச் சொல்ல வேண்டியது. பெண்ணின் மூச்சை விட நாய் பெரிதல்ல. அவள் அழுவாள். அழட்டும், நான் இருக்கிறேன். அவளுக்குத் துணையாக நான் போதும் என்று நினைக்கிறேன், போதாதென்றால் அதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இனி இந்த வீட்டுக்குள் நாலு காலோடு நாற்காலி தவிர எதுவும் வரக் கூடாது.

உங்கள் இயந்திரம் சூடாகாமலும், உங்கள் தலை சூடாகாமலும், போன உடம்பு போனபடியே கரை வந்து சேரவும் மனதார வாழ்த்தும்,

உங்கள் மாமனார்
(கைநாட்டு, பக்கத்தில் இருக்கும் சின்னக் கால்தடம் நான் வைத்ததல்ல)

பின்குறிப்பு: போன் போட வேண்டாம்.

கடிதத்தோடு போனால் கம்பெனி ஆபீஸ் இரண்டு நாள் விடுமுறை. பத்தாம் நாள் காலையில் தும்மல் முப்பத்தொன்று. பொறுக்க முடியாமல் நானே நாயைக் கூடையில் வைத்து, சாயத் துண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கூடத்தில் இரண்டு குடும்பம் நாய் பார்க்க உட்கார்ந்திருந்தது. நாய்க்காரர் தேனுவைப் புரட்டிப் பார்த்தார், காதைத் திருப்பினார். "இது என்னா பெரியவரே, பேனாக் கறையா?" "குறி" என்றேன். "அழிங்க." "அழியாது. சோடா போட்டு வேகவெச்சாலும் போகாத மை." "அப்ப எடுக்க முடியாது. குடுத்தபடி இல்ல." மாப்பிள்ளை, அந்தக் குறியை வைத்தவன் நான்தான். முட்டாள்தனம் என்ற சொல்லை மேலே உங்களுக்குக் கொடுத்திருந்தேன், அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

என் வயதுக்கு அங்கே உட்கார்ந்து வாதாடினால் கொல்லைப்புறம் போக வேண்டி வரும். வழி கேட்டுப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்பிக் கூண்டு. உள்ளே ஒரு சாம்பல் நாய், முடியெல்லாம் சிக்கு, மடி தரையில் இழுபடுகிறது. என் கூடைக்குள் தேனு போட்ட சத்தத்தில் அது எழுந்து நின்றது. அதன் இடது காது தப்பாக இஸ்திரி போட்டது போல் உள்பக்கம் மடிந்திருந்தது. அழுக்கு மூட்டையின் மேல் நல்ல சட்டையை வைத்துக் கொடுக்கிற வீடு எனக்குப் புதிதில்லை. "அதுவா? ஓஞ்சு போச்சு. இனிமே குட்டி போடாது. அடுத்த வாரம் எங்கயாவது விட்ருவோம்" என்றார் பின்னாலேயே வந்த நாய்க்காரர். நான் துண்டை விரித்துக் காட்டி, "இத உள்ள ஒக்காந்திருக்கவங்களுக்குக் காட்டலாமா, இல்ல கூண்டத் தொறக்கிறீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். திறந்தார். ஜோடி உருப்படியைப் பிரித்துக் கொடுத்ததாக என் கடையைப் பற்றி ஒருத்தர் சொன்னதில்லை.

தும்மல் விஷயம்: பெரியதைக் கழுவிச் சிக்கெடுத்து மகள் மடியிலேயே வைத்திருந்தாள். ஒரு தும்மல் இல்லை. தேனு வந்த அன்று அவர்கள் ஒரு டப்பா வாசனைப் பவுடர் கொடுத்திருந்தார்கள், அதைத்தான் இவள் தினமும் அதன் மேல் கொட்டி, கொட்டி, முகர்ந்திருக்கிறாள். டப்பா குப்பையில். நேற்று தும்மல் நான்கு, இன்று இரண்டு. டாக்டரிடமும் காட்டப் போகிறோம், டீச்சரம்மா விட மாட்டேன் என்கிறார்.

பெரியதற்கு இன்னும் பெயரில்லை, நீங்கள் வந்து வைத்தால் போதும். இப்போது இஸ்திரி போடும்போது காலடியில் இரண்டு படுக்கிறது, மகள் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு என்னைத் திட்டுகிறாள். வீட்டில் துணைக்குக் குறைவில்லை.

அதற்கும் காதில் போட்டுவிட்டேன். இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு.