அசைந்தால்தான் வெளிச்சம்

எந்தக் குடும்பத்திலும் விளக்கைப் போடுகிறவர்கள் பலர். அணைக்கிறவர் ஒரே ஒருவர். அந்த ஒருவருக்கு மற்றவர்கள் வைக்கும் பெயர் கஞ்சம். எங்கள் வீட்டில் அது நான்.

என் கணவர் குளியலறையிலிருந்து வந்தால் அவர் மட்டும்தான் வருவார். விளக்கும் கீசரும் உள்ளேயே இருக்கும். மகள் நிவேதா ஓசூரில் வேலை பார்க்கிறாள். வார விடுமுறைக்கு வந்தாளென்றால், எரிகிற விளக்குகளை வைத்தே அவள் எங்கெங்கே போனாள் என்று சொல்லிவிடலாம். சமையலறை, மாடிப்படி, கொல்லை, மறுபடியும் சமையலறை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் கணக்கெடுக்க ஆள் வரும்போது, ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிவிட்டோமோ என்று கணக்குப் போடுவது நான் மட்டும்தான். கத்திப் பார்த்தேன். சுவிட்சுக்கு மேலே காகிதம் எழுதி ஒட்டினேன். (அதைப் படிக்க வெளிச்சம் வேண்டும் என்று விளக்கைப் போட்டார் என் கணவர்.)

கடைசியில் ஒரு எலக்ட்ரீஷியன் வழி சொன்னார். ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக எரிந்து, இல்லையென்றால் தானாக அணைகிற சென்சார். முதலில் ஹாலில் மாட்டச் சொன்னேன்.

"எத்தினி நேரம் எரியறாப்ல வெக்கட்டுங்க மேடம்?"

"எவ்வளவு கம்மியா முடியுமோ அவ்வளவு வைங்க."

"ஒரு நிமிசங்க. பழைய சுவிட்சு இருக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு ஆவும்."

"இருந்தா இந்த வீட்டுல போட்டுடுவாங்க. எடுத்துடுங்க."

எடுத்துவிட்டார். மின்சாரம் மிச்சம், பூமிக்கும் நல்லது என்று அன்று முழுவதும் பூரித்துப் போயிருந்தேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிக்கிற நான் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அந்தச் சென்சாருக்கு மனிதர்களைத் தெரியாது; மனிதர்கள் அசைவது மட்டும்தான் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்ததில்லை என்பதால் இது யார் கண்ணிலும் படவில்லை.

அப்போதுதான் நிவேதாவின் கல்யாணப் பேச்சு வந்தது. உடன் வேலை பார்க்கும் சரவணனும் அவளும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. பையனின் அப்பா பொம்மிடிப் பக்கம் விவசாயி. அவர் பாதி சம்மதம். மீதிப் பாதி அவருடைய அக்கா, அதாவது சரவணனின் அத்தையின் கையில்.

"ம்மா, அந்த அத்தை ரொம்ப சகுனம் பாப்பாங்களாம். பூனை குறுக்க வந்துச்சுன்னு ஒரு சம்பந்தத்தையே வேணாம்னுட்டாங்களாம். தயவுசெஞ்சு எதுவும் சொதப்பிடாதம்மா" என்று போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

நானா சொதப்புவேன்? தெருவில் இருந்த இரண்டு பூனைகளையும் அவர்கள் வருகிற அன்று பின்கட்டில் பால் வைத்து அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ராகுகாலம் கழிந்து இருட்டுகிற நேரத்தில் மூன்று பேரும் வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் எப்படி உட்காருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். கோயில் சிலைகள்கூட அவர்களைவிடச் சற்று இலகுவாக இருக்கும். சரவணன் தன் முழங்காலைப் பார்த்தபடி இருந்தான். நிவேதா காபி கொடுத்துவிட்டு எதிரே அமர்ந்து தரையைப் பார்த்தாள். அத்தை நிவேதாவைப் பார்த்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அத்தையைப் பார்த்தோம்.

விளக்கு அணைந்தது.

"கரண்ட் போச்சு" என்றார் என் கணவர், பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைத்த நிம்மதியில். ஆனால் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பதறிப்போய் எழுந்தேன். விளக்கு எரிந்தது.

"ஏங்க, உங்கூட்ல லைட்டுக்குன்னு தனி கரண்டுங்களா?" என்றார் பையனின் அப்பா.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வெளிச்சத்தையே நிமிடக் கணக்கில் அளந்து விடுகிற வீட்டில் பெண்ணை எப்படி வளர்த்திருப்பார்கள் என்று அத்தை நினைத்துவிட்டால்? மறைப்பது என்று முடிவெடுத்தேன். என் கணவரின் காதருகே குனிந்து, "ஆடிக்கிட்டே இருங்க" என்றேன்.

"எதுக்கு?"

"கேக்காதீங்க. ஆடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதை அவர் முதல் தடவையிலேயே கேட்டது அன்றுதான். முன்னும் பின்னும் ஆடினார். தோளைக் குலுக்கினார். நடுநடுவே, என் திட்டத்தில் இல்லாத விதமாக, தலையையும் உதறினார். நான் என் பங்குக்குத் திரையை இழுத்துவிட்டேன், முறுக்கு இருந்த தட்டிலேயே மேலும் முறுக்கு வைத்தேன்.

அத்தை அவரைப் பார்த்தார். பிறகு தம்பியின் பக்கம் சாய்ந்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கிற ரகசியக் குரலில், "டேய், அந்த மனுசனுக்கு நரம்புக் கோளாறுடா. இதெல்லாம் பரம்பரையா வரும்" என்றார்.

தம்பி தொண்டையைச் செருமினார். "சரிங்க, நாங்க வூட்டுக்குப் போயி கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோங்க."

இந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று தெரியாத பெண் வீட்டார் கிடையாது. சரவணன் முதல் முறையாக நிமிர்ந்தான். முகம் வெளுத்திருந்தது. என் கணவர் அவமானத்தில் ஆடுவதை நிறுத்தினார்.

"அத்தை, எங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றாள் நிவேதா. "எல்லாம் எங்கம்மாதான்."

"உங்கம்மாளுக்கா கோளாறு?"

"கரண்ட மிச்சம் பண்ண சென்சார் மாட்டியிருக்காங்க. யாரும் அசையலைன்னா லைட் ஆஃப் ஆயிடும். அது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அப்பாவ ஆட வுட்டிருக்காங்க."

ஒருவரும் அசையவில்லை. பூமி பிளந்து என்னை மட்டும் விழுங்கினால் போதும் என்று நின்றேன். பூமி பிளக்கவில்லை, விளக்குதான் அணைந்தது.

இருட்டில் ஒரு சிரிப்புக் கேட்டது. அத்தையுடையது.

"கையத் தூக்குடா தம்பி!"

தம்பி தூக்கினார். எரிந்தது.

"எல்லாரும் அப்படியே இருங்க, மறுக்கா பாப்போம்." அடுத்த ஒரு நிமிடம் அத்தையின் உத்தரவுப்படி இரண்டு குடும்பமும் கல்லாக உட்கார்ந்தது. அணைந்ததும் கைதட்டினார். எரிந்தது. "இதும் பேரு என்னாம்மா? எங்கூட்ல இவன் மாட்டுக் கொட்டாயில பட்டப் பகல்ல லைட்ட எரிய வுடறான். அமத்தறதுக்கு நான் ஒருத்திதான் ஓடணும். வூட்டுக்கு ஒருத்தி வேணும்மா இப்படி."

"அப்ப சகுனம்..." என்று இழுத்தார் தம்பி.

"போடா. அமந்த வெளக்கு தானா எரியுது, அதவிட நல்ல சகுனம் எங்கடா கெடைக்கும்? தேதியப் பாரு."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஹாலில் பழைய சுவிட்சும் வந்துவிட்டது, வழக்கம்போல் யாரும் அதை அணைப்பதில்லை. வந்த மாப்பிள்ளையாவது என் பக்கம் நிற்பான் என்று எதிர்பார்த்தேன். இப்போதெல்லாம் நான் மின்சாரச் சிக்கனத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேச ஆரம்பித்தால் போதும், சரவணன் கண்ணைக் காட்டுகிறான். உடனே அவனும் நிவேதாவும் என் கணவரும், சோற்றில் பிசைந்த கை பிசைந்தபடி, இமைகூட அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். இப்படியே ஒரு நிமிடம் இருந்தால் நானும் தானாக அணைந்துவிடுவேனாம்.

இதுவரை அணைந்ததில்லை.