முகத்துக்கு நீர் பாய்ச்சுகிறவள்

கோடை வந்தால் பயிருக்கு நீர் பாய்ச்சுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். முகத்துக்கு நீர் பாய்ச்சுகிறவர்களையும் தெரியும். இப்படி ஒரு பெயர் வைத்து அழைத்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எங்கள் சைகோனில் ஏப்ரல் மாதத்தில் கொஞ்சம் அதிகமாக இருக்கிறார்கள். அவர்களை வீதியில் பார்த்தால் அடையாளம் தெரியாது. யாருடைய முகமும் வெளியே இருக்காதே, எப்படித் தெரியும்?

குயெனையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தெட்டு வயது, காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வீட்டை விட்டு இறங்கும்போது தலையை மூடிய மேல்சட்டை, கண் வரைக்கும் ஏறிய துணி முகமூடி, அதன்மேல் கறுப்புக் கண்ணாடி, அதன்மேல் ஹெல்மெட், முழங்கை தாண்டிய கையுறை, இடுப்பில் சுற்றிய பாவாடைத் துணி என்று ஸ்கூட்டரில் ஏறுவாள். சிவப்பு விளக்கு விழுந்தால் கோட்டருகே போய் நிற்கமாட்டாள். முப்பதடி முன்னாலேயே மர நிழலில் நின்றுவிடுவாள். பின்னால் வருகிறவர்கள் திட்டமாட்டார்கள். அவர்களுக்கும் அந்த நிழல் வேண்டும்.

"அக்கா, ஆபீஸுக்கு வர்றியா, பேங்கைக் கொள்ளையடிக்கப் போறியா?" என்பாள் பக்கத்து மேசைத் தாவோ.

"சிரிடி, சிரி. நாப்பது வயசுல உன் மூஞ்சி காஞ்ச மீன் மாதிரி ஆகும்போது நான் வந்து சிரிக்கிறேன்."

இந்த இனத்தாருக்கு வெயில் ஒரு எதிரி என்றால் ஏசி இரண்டாவது எதிரி. "ஏசி மூஞ்சில இருக்கிற தண்ணியெல்லாம் குடிச்சிடும்" என்று சொல்லி, மணிக்கொரு தரம் கண்ணை மூடிக்கொண்டு முகத்தில் ஸ்ப்ரே அடித்துக்கொள்வாள் குயென். பாதி அவள் முகத்தில் விழும், பாதி தாவோவின் கோப்புகளில். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் சோறு இருக்காது, குழம்பு இருக்காது. அரிசி கழுவிய நீர், வெள்ளரிச் சாறு, கற்றாழைக் கூழ், பன்னீர், எல்லாவற்றுக்கும் ராணியாக ஒரு பெரிய ஜாடி நிறைய வல்லாரைச் சாறு. குடிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள். முகம்தான் முதலில் குடிக்கும். வாய் காத்திருக்கும்.

இப்படிப்பட்டவளைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காதலன் லாமின் அம்மா பெண் பார்க்க வருவதாக இருந்தது. லாமும் குயெனும் கல்யாணத்துக்காக இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார்கள். "அம்மா சரின்னா சரி. இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல" என்று லாம் சொல்லியிருந்தான். அம்மா பெயர் ஹான். சா டெக் ஊரில் செவ்வந்தித் தோட்டம் வைத்திருப்பவர், மகனின் சட்டைப் பொத்தானைக்கூடத் திருகிப் பார்க்கிறவர். தோலுரித்த முட்டை மாதிரி முகம் என்பார்களே, அந்த முகத்தோடு கதவைத் திறப்பதென்று குயென் மூன்று நாளாகப் பாடுபட்டாள்.

அவர் வரவேண்டிய பேருந்து பத்து மணிக்கு. ஹான் அம்மா பூ லாரியில் ஏறி எட்டரைக்கே வந்துவிட்டார்.

கதவைத் திறந்தபோது குயெனுக்கு ஒரு கன்னம்தான் முடிந்திருந்தது. "உக்காருங்க பெரியம்மா, ஒரே நிமிஷம்" என்று குளியலறைக்குள் ஓடினாள். அம்மாவைக் கூட்டிவந்த லாம் கரும்புச்சாறு வாங்கப் போனான். மூன்று மணி நேரம் லாரியில் வெந்து வந்த மனுஷி உட்கார்ந்தார், விசிறிக்கொண்டார், தொண்டையைக் கனைத்தார். இவர்களுடைய ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். வல்லாரைச் சாறு. வெயிலுக்கு ஊரே குடிப்பதுதான். ஊற்றினார், குடித்தார், மறுபடி ஊற்றினார்.

குயென் வெளியே வந்தபோது ஜாடி காலி.

"நல்லாத்தான் இருக்கு புள்ள. சக்கரை போட மறந்துட்டியா?"

"பெரியம்மா... அது குடிக்கிறது இல்ல."

"பின்ன?"

குயென் தன் கன்னத்தைக் காட்டினாள். மூன்று நாளாக அதில் பஞ்சு முக்கியதை மட்டும் சொல்லாமல் விட்டாள். கல்யாணம் ஜாடியோடு போய்விட்டது என்றே நினைத்தாள்.

ஹான் அம்மா டம்ளரைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "இப்படி வெளிச்சத்துக்கு வா" என்று மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். பூச்சி விழுந்திருக்கிறதா என்று இலையைப் புரட்டுகிற அதே கை.

"எத்தனை வருஷமா போடுற?"

"ரெண்டு."

"கண்ணுக்குக் கீழ ஒரு கோடு இல்லையே." கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா பூவுக்கு வேளாவேளைக்குத் தண்ணி ஊத்துறேன். இதுக்கும் ஊத்தணும்னு ஒருத்தி சொல்லல பாரு. மிச்சம் இருக்கா?"

"நீங்க குடிச்சிட்டீங்க பெரியம்மா."

லாம் மூன்று கரும்புச்சாற்றோடு திரும்பியபோது அம்மாவும் அவளும் தரையில் பாய் விரித்து மல்லாந்து கிடந்தார்கள். இரண்டு முகத்திலும் வெள்ளை ஈரத்தாள் ஒட்டியிருந்தது. பதினைந்து நிமிடம் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, புருவத்தை அசைக்கக்கூடாது. இதுதான் இந்த இனத்தின் தலையாய சட்டம்.

"அம்மா, பொண்ணப் பத்தி என்ன முடிவு பண்ணீங்க?"

ஹான் அம்மா ஒரு விரலைத் தூக்கினார். பொறு என்றா, வேண்டாம் என்றா? லாம் ஒரு கரும்புச்சாற்றைக் குடித்தான். அப்புறம் இன்னொன்றை. அப்புறம் மூன்றாவதையும். தாளுக்கடியில் குயெனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வழிந்தது. அழுதால் ஈரம் கூடுமா, உப்பு தோலை உலர்த்திவிடுமா என்று அந்த நிலையிலும் அவளுக்கு ஒரு யோசனை.

பதினாறாவது நிமிடம் ஹான் அம்மா தாளை உரித்தார். கன்னத்தைத் தட்டினார். தட்டியது பிடித்துப்போய் மறுபடி தட்டினார்.

"கல்யாணத்த மழை பிடிச்சப்புறம் வைங்கடா. இந்த வெயில்ல நாள் முழுக்க வாசல்ல நின்னு ஆளுங்கள வரவேற்கணும்னா, எங்க ரெண்டு பேரு மூஞ்சியும் என்னத்துக்கு ஆகும்?"

குயென் பதில் சொல்லவில்லை. பிறகு ஒட்டிய அவள் தாளுக்கு இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது.

போகட்டும். இவ்வளவு தூரம் படித்தும் உங்கள் உதடு ஒரு இடத்தில்கூட அசையவில்லையே. அதனால் நான் எழுதியது சிரிப்பாக இல்லை என்று வருத்தப்பட மாட்டேன். முகத்தில் எந்தத் தாளை ஒட்டியிருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அவசரமில்லை, காய்ந்த பிறகு சொன்னால் போதும்.