வல்லூற்றுக்கு ஒரு பாஸ்போர்ட் படம்

பின்மதில்மேல் உட்கார்ந்திருந்த வல்லூற்றைப் பார்த்து, "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்று சொல்லிவிட்டார் ஸ்டூடியோக்காரர். பழக்க தோஷம். போதாததற்கு ஃபிளாஷ் வேறு பளிச்சென்று அடித்தது. வல்லூறு எழும்பிப் பறந்தது. போகிற போக்கில் கேமராவின்மேல் தன் அபிப்பிராயத்தையும் போட்டுவிட்டுப் போனது.

ஆயுசு முழுக்கப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்தவர் அவர். முக்காலியில் உட்கார், நேரே பார், இரண்டு காதும் தெரியட்டும், கண் சிமிட்டாதே. ஊரில் பாதிப்பேர் அடையாள அட்டையில் திருட்டு முழி முழிப்பதற்கு அவர்தான் காரணம். அசைகிற எதையும் அவர் எடுத்ததே இல்லை.

இனி ஆஸ்பத்திரியில் வைத்துப் பிரயோஜனமில்லை என்று டாக்டர் அவர் மனைவியை வீட்டுக்கு அனுப்பியதும், ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான். பார்த்துக்கொள்ள நர்ஸ் இருந்தாள். ஆனாலும் தண்ணீர், மாத்திரை, தலையணை எல்லாம் இவர் கையால்தான். மனைவி லேசாக முகம் சுளித்தால் இவருக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டும். நோயாளிதான் இவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

அப்படி ஒருநாள் தேற்றி முடித்துவிட்டு, "பின்மதில்ல ஒரு வல்லூறு வந்து உட்காருதுங்க. அதை ஒரு படம் எடுத்துத் தாங்களேன்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்காதவள். அவள் கண்ணை மூடுவதற்குள் அந்தப் படத்தை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

ஃபிளாஷைக் கழற்றிவிட்டு, மதில்மேல் கோழித்துண்டு வைத்தார். வல்லூற்றைத் தவிர எல்லாரும் வந்தார்கள். காக்கைகள் சுற்றம் சூழ வந்தன. தெருப்பூனைகள் வந்தன. கடைசியில் பக்கத்து வீட்டு டீச்சரும் வந்தார், கையில் ஓர் எலும்போடு.

"சார், இது உங்க வீட்டுதா?"

"எங்க கிடைச்சுது டீச்சர்?"

"எங்க வீட்டுக்காரர் காபி கப்புல. காக்கா போட்டுச்சு."

"மன்னிச்சுக்கோங்க. வல்லூறுக்கு வச்சது. அவ படம் கேட்டா..."

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ரேடியோ அலறிக்கொண்டிருந்த நோயாளி அறை ஜன்னலைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"வைங்க சார். கப்பை மூடி வச்சுக்கச் சொல்றேன்."

அந்த ரேடியோ பெரிய தலைவலி. அவர் தோட்டத்தில் கால் வைத்தால் போதும், நர்ஸ் அதை முழுச் சத்தத்தில் வைத்துவிடுவாள்.

"ஏம்மா, இப்படி அலற விட்டா பறவை எப்படி வரும்?" என்று உள்ளே போய்ச் சண்டை பிடித்தார்.

"அம்மாதான் வைக்கச் சொன்னாங்க சார்" என்றாள் நர்ஸ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பாட்டு கேட்டாத்தாங்க பொழுது போகுது" என்றாள் மனைவி.

"அப்ப நான் இந்த ஜன்னல் திரைக்குப் பின்னாடி நின்னே எடுத்துடறேன். உன் பக்கத்துல இருந்த மாதிரியும் ஆச்சு."

"வேண்டவே வேண்டாம்!" அவளுக்கு அவ்வளவு குரல் மிச்சமிருந்ததே அவருக்கு ஆச்சரியம். "இங்கேருந்து எடுத்தா ஜன்னல் கம்பி விழும். தோட்டத்துக் கோடிக்கே போங்க."

தொழில்காரனுக்கே தொழில் சொல்லித் தருகிறாள். ஆனால் கம்பி விழும் என்பது நியாயம்தான்.

ஸ்டூடியோவிலிருந்து முக்காலியையும் பின்னணித் திரையையும் தூக்கிவந்தார். அருவியும் இரண்டு அன்னங்களும் வரைந்த திரை. ஓர் அன்னத்தின் வயிற்றில் ஓட்டை போட்டு, அதில் கேமராவை நுழைத்து, பின்னால் ஒளிந்து உட்கார்ந்தார். வல்லூறு வந்தது. நேராகத் திரையின் உச்சியில், அவர் தலைக்கு மேலே உட்கார்ந்து, இந்த மனிதர் அப்படி எதைத்தான் பார்க்கிறார் என்று தானும் மதிலைப் பார்த்தது.

"சார், மேல! மேல பாருங்க!" பக்கத்து மாடியிலிருந்து டீச்சரின் கணவர் கத்தினார். காபி கப்பை உள்ளங்கையால் மூடியிருந்தார்.

அவர் அவசரமாக எழுந்தார். அருவி, அன்னம் எல்லாம் அவர்மேல் சாய்ந்தன. விழுந்த வாக்கில் ஒரு படம் எடுத்தார்.

"வால் மட்டும்தான் இருக்கு" என்றாள் மனைவி.

அடுத்த படத்துக்கு, "இது வல்லூறா, கோழியா?" என்றாள். அதற்கடுத்ததற்கு, "கண்ணு தெரியலியே. கண்ணு தெரிஞ்சாத்தான் படம்." எந்த வாடிக்கையாளரும் அவரிடம் இப்படிக் குறை சொன்னதில்லை.

"நாளைக்கு எடுத்துடறேன்மா."

"ஒண்ணும் அவசரமில்லை. நிதானமா எடுங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவசரம் என்று இருவருக்கும் தெரியும். அவள் கஞ்சியைக்கூட இரண்டு வாயோடு நிறுத்திவிட்டிருந்தாள். கையைப் பிடித்தால் வளையல்தான் கையில் தட்டுப்பட்டது.

மறுநாள் திரையும் வேண்டாம், தீனியும் வேண்டாம் என்று முக்காலியில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போய் எழுந்து, மதிலோரம் நொண்டிப் போய்த் திரும்பினால், முக்காலியில் வல்லூறு.

நிமிர்ந்து உட்கார்ந்து நேரே அவரைப் பார்த்தது. செம்மஞ்சள் கண்கள் இரண்டும் தெரிந்தன. காது ஒன்றுதான் குறை.

"கண் சிமிட்டாதீங்க" என்றார் மெதுவாக. அது சிமிட்டவில்லை.

கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்பு ஒன்றைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு ஓடினார். அறைக்கதவு சாத்தியிருந்தது. வாசலில் நின்ற நர்ஸ் திடுக்கிட்டுப் போனாள்.

"என்ன சார், அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"கிடைச்சிடுச்சும்மா! கண்ணு, மூக்கு, நகம் எல்லாம் தெரியுது. இதுல அவ ஒரு குறை சொல்லட்டும் பார்ப்போம். தள்ளு, தள்ளு."

நர்ஸ் தள்ளவில்லை. படத்தைப் பார்த்தாள், அவள் கண் நிறைந்தது. உள்ளே ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து, அடுத்தது தொடங்கவில்லை. அந்த இடைவெளியில் கதவுக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அவர் கேட்டறியாத சத்தம். அடுத்த பாட்டு வந்து அதை மூடிக்கொண்டது.

கதவுக்குப் போன அவர் கையை நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

"படம் கிடைச்சிடுச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார். வலி தாங்காம அம்மா வாய்விட்டு அழறதுக்கு, நீங்க தோட்டத்துல இருக்கிற நேரம் ஒண்ணுதான் அவங்களுக்கு இருக்கு."