சேவூருக்கு வரவிருந்த பென்குயின்

பென்குயின் ஒரு வேளைக்கு எத்தனை மீன் தின்னும் என்று ஐஸ் ஆபீஸ் குப்புராஜ் தேடி வந்து கேட்டபோதுதான், தான் சொன்ன பொய் கைமீறிப் போய்விட்டது என்று கற்பகத்துக்கு உறைத்தது.

பொய்க்கு அப்போது பத்து நாள் வயது.

கற்பகத்தின் கணவன் ஜெயவேல் பட்டாளத்தில் வண்டி மெக்கானிக். பூமியின் தென்கோடியில், பனிக்கட்டியின் மேல் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கி வேலை செய்யப் போன குழுவில் அவனும் ஒருவன். 1983 டிசம்பரில் கப்பல் ஏறினான். திரும்பி வரப் பதினாறு மாதம். அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிய கப்பலில் அவன் கொடுத்தனுப்பிய கடிதம் பங்குனிக் கடைசியில், ஆரணிக்குப் பக்கத்திலுள்ள சேவூருக்கு வந்து சேர்ந்தது. அடுத்த கப்பல் போகிறவரை தபால் கிடையாது. அந்த ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாளை ஓட்ட வேண்டும்.

அவள் வேணுகோபாலின் தறிக்கூடத்தில் பட்டு நூலைத் தறி நாடாவுக்கான தார்க் குச்சியில் சுற்றிக் கொடுக்கும் வேலை பார்த்தாள். கடிதம் வந்த மறுநாள், பக்கத்து இராட்டையில் இருந்த கண்ணகி, துபாயிலிருக்கும் தன் வீட்டுக்காரர் டேப் ரிக்கார்டர் அனுப்பியிருப்பதைச் சொல்லிவிட்டு, "உங்க வீட்டுக்காரரு இன்னா கொண்டாறாராம்?" என்று கேட்டாள்.

அங்கிருந்து கொண்டுவர என்ன இருக்கிறது? பனிதான் இருக்கிறது. கடிதத்தில் பாதிக்கு மேல் பென்குயினைப் பற்றி இருந்ததால், "பென்குயின் கொண்டாறாரு" என்று கற்பகம் சொல்லிவிட்டாள்.

அது என்னவென்று கூடத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பறவை, ஆனால் பறக்காது. கோர்ட்டுக்குப் புறப்பட்ட வக்கீல் மாதிரி கறுப்புக் கோட்டு. நடந்து போகும், அலுத்தால் குப்புறப் படுத்துப் பனியில் சறுக்கும் என்று அவள் விளக்கினாள். சறுக்குவதைக் கையால் காட்டும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை வேணுகோபால், பறவை எப்போது வரும் என்று கேட்டார். விஷயத்தை அங்கேயே முடித்துவிட நினைத்து, ஆரணி வெயிலுக்கு அது ஒரு நாள் தாங்காது என்றாள் கற்பகம். அன்று சாயங்காலமே குப்புராஜ் ஆள் அனுப்பி, ஐஸ் பார் அடுக்கும் அறையில் ஒரு மூலையைக் காலி செய்துவிட்டதாகத் தெரிவித்தார்.

கடல் மீன் தவிர வேறெதையும் தொடாது என்றாள். அதற்குத்தான் குப்புராஜ் நேரில் வந்திருந்தார். மெட்ராஸிலிருந்து வரும் மீனுக்கு ஐஸ் போடுவதே தான்தான் என்றும், எத்தனை என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றும் சொன்னார்.

தனியாக இருக்காது, ஆயிரக்கணக்கில் கூட்டமாகத்தான் வாழும் என்றாள். அப்படியானால் ஜோடியாகக் கொண்டுவரச் சொல் என்றார் வேணுகோபால்.

கடைசியில் அவள் சட்டத்தைப் பிடித்தாள். ஒரு காலத்தில் கப்பல்காரர்கள் பென்குயின்களைக் கும்பல் கும்பலாக அடித்து, எண்ணெய்க்காகக் காய்ச்சியிருக்கிறார்கள். இப்போது பல தேசங்கள் சேர்ந்து அதைப் பிடிக்கவே கூடாதென்று ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ஜெயவேலே பதினைந்து அடி தள்ளி நின்றுதான் பார்த்தானாம்.

"அவ்ளோதானே? டெல்லிக்கு ஒரு மனு போட்டுட்டா போச்சு," என்றார் வேணுகோபால்.

ஒவ்வொரு தடவையும் பொய்யை இறக்கி வைக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் பேசத் தொடங்கினால் நிறுத்த முடியவில்லை. குஞ்சுக்கு எப்படி ஊட்டும், கூழாங்கல்லைப் பொறுக்கிக் கூடு கட்டும்போது எப்படி ஒன்றின் கல்லை ஒன்று திருடும் என்றெல்லாம் அவர்கள் கேட்கக் கேட்கச் சொன்னாள். சொல்கிற நேரமெல்லாம், பதினைந்து அடி தள்ளி ஜெயவேல் நிற்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினால் அவன் மறுபடி பூமியின் அந்தக் கோடிக்குப் போய்விடுவான்.

வெள்ளிக்கிழமை தறிக்கூடத்தில் ஒரு தாள் கைமாறிக்கொண்டிருந்தது. ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். மூலைத் தறியில் நெய்யும் பொன்னுசாமி கட்டைவிரலில் மை தடவி ரேகை வைத்தார். அதைப் பார்த்ததும் கற்பகம் இழுத்த இழுப்பில் நூல் அறுந்தது. மனு டெல்லிக்குப் போனால் ஜெயவேல் பெயர் அதில் இருக்கும். சட்டத்தை மீறிப் பறவை பிடிக்கப் பார்த்தான் என்று அவன் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். அவள் எழுந்தாள்.

"அண்ணே, அனுப்பாதீங்க. அவரு ஒண்ணும் கொண்டாறல. நான்தான் பொய் சொன்னேன்."

தறிகள் நின்றன.

கடிதத்தில் இருந்ததை, அதுவரை யாரிடமும் சொல்லாமல் தனக்கென்று வைத்திருந்த பகுதியை, அவள் அப்போது சொன்னாள். ஜோடியில் ஒன்று இரை தேடிக் கடலுக்குப் போகும். மற்றது முட்டையைக் காத்துக்கொண்டு பட்டினியாக நிற்கும். போனது திரும்பி வரும்போது அத்தனை ஆயிரமும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். குரலை வைத்துத்தான் ஒன்றை ஒன்று கண்டுபிடிக்கும்.

"அதுல ஒண்ண இங்க தூக்கியாந்து ஐஸ் ஆபீசுல நிக்க வெச்சா, அது யாரக் கூப்பிடும் அண்ணே? அங்க நிக்கிறது கத்திகினே இருக்குமே. அது அங்கயே இருக்கட்டும். யாரும் தொட வேணாம்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த மனுவைக் கிழித்துவிடும்படி கேட்டாள்.

வேணுகோபால் கண்ணகியைப் பார்த்தார். கண்ணகி தலை குனிந்துகொண்டாள். அவர் தாளைக் கற்பகத்திடம் நீட்டினார். அவள் மேலிருந்து கீழ்வரை படித்தாள். சேவூருக்குக் காலை ஏழு மணிக்கு டவுன் பஸ் ஒரு நடை கூடுதலாக விட வேண்டும் என்று எழுதியிருந்தது. பென்குயினைக் காணோம். திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

கற்பகம் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்தாள். கட்டைவிரல் மையைத் துணியில் துடைத்தபடி பொன்னுசாமி சொன்னார்:

"அது வராதுன்னு எங்களுக்கு மொத நாளே தெரியும்மா, வேலைக்குச் சேந்து மூணு மாசமா நீ வாயத் தொறக்கல, அத்தப் பத்திக் கேட்டாத்தான் பேசுன."