சந்து மறித்த படலம்

வாழ்க முப்பிடாதியம்மாள். தாராவிப் பெருநகரில், தொண்ணூறடிச் சாலைக்கு வடபால், இருவர் ஒருங்கே நுழைய ஒண்ணாத குறுஞ்சந்தில் கொலுவீற்றிருந்து, வைகறைதோறும் இட்டிலிக் கொப்பரையின் வெண்ணிற ஆவிக்குள் கொற்றவையெனத் தோன்றி, சயான் முதல் தாதர் வரை அலுவலகம் ஏகும் பசித்த வயிறுகளையெல்லாம் தணித்தருளிய அவ்வம்மை, தன் வாசலிலேயே பொருத சமரை இனி உரைப்போம். இப்போதுதான் சாப்பிட்டு முடித்தவர்கள் இதை நின்றபடி கேட்பது நல்லது.

விற்றது போக எஞ்சியதை வீணாக்கலாகாது என்னும் அறம் வழுவாது, மிஞ்சிய இட்டிலிகளை நண்பகல்தோறும் தானே உண்டு, உண்ட இடத்திலேயே துயில்கொண்டு பல்லாண்டு கழித்த அவள் குருதியில், சர்க்கரை என்னும் பகைவன் ஓசையின்றிப் பாசறை அமைத்தான். மாட்டுங்காவிலிருந்து வந்து வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஷ்யாமளா சோதனைத் தாளை நோக்கித் திருவாய் மலர்ந்தார்: “சாப்பிட்ட கையோட படுத்துக்கப்படாது. கால் மணி நேரம் நடங்கோ. தசை வேலை பண்ணினா ரத்தத்துல இருக்கற சர்க்கரைய அதுவே இழுத்துண்டுடும். மூணு மாசம் பாப்போம், எறங்கலேன்னா மாத்திரை.” மாத்திரைக்கு அஞ்சுபவள் அல்லள் முப்பிடாதியம்மாள். ஆனால் இதே நோயைப் பொருட்படுத்தாதிருந்த தமக்கைக்கு ஒரு காலை வெட்டி எடுத்தபோது கூடவே இருந்தவள் அவள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

சாலையிலோ உச்சி வெயிலும் கைவண்டிகளும் ஒன்றுகூடி உலா வந்தன. ஆகவே மாடிகள் குடைபிடித்த சந்தினையே களமாகத் தேர்ந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, வெறுங்கை வீசி அவள் புறப்பட்ட முதல் நாளே, மறுமுனையிலிருந்து அதே வேகத்தில், அதே வெறுங்கையோடு புறப்பட்டு வந்தாள் கனகவள்ளி, மளிகைக்கடைக் காளிராஜின் இல்லாள், புளி மூட்டைகளுக்கும் பருப்பு மூட்டைகளுக்கும் நடுவே செங்கோலோச்சியவள். கரண்ட் மீட்டர் பெட்டியின் அடியில் இருவரும் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

அச்சந்துக்குத் தொன்றுதொட்ட நீதி ஒன்று உண்டு. வெறுங்கையர் சுமை தாங்கியவர்க்கு வழிவிடுக. பை குடத்துக்கு விடுக. குடம் மூட்டைக்கு விடுக. பாடை வரின் அனைவரும் விடுக. இந்நீதி பிறழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் ஒரு வேலையும் இல்லாமல், ஒன்றையும் தூக்காமல், சும்மா நடப்பதற்கென்றே நடக்கும் இருவர் எதிரெதிர் வந்தால் யார் ஒதுங்குவது என்று அந்நீதி சொல்லவில்லை; அப்படிப்பட்டவர்கள் அங்கே அதுவரை பிறந்ததே இல்லை. இவளுக்கு எத்தனை திமிர் என்று அவளும், அவளுக்கு எத்தனை திமிர் என்று இவளும் எண்ணி நிற்க, நடக்க வேண்டிய நேரம் முழுவதும் நின்றே கழிந்தது. பகைவன் சர்க்கரை மட்டும் அன்று நிம்மதியாக இருந்தான்.

மறுநாள் முப்பிடாதியம்மாள் இடுப்பில் நிறைகுடம் தாங்கி வந்தாள். நீதிக்குத் தலைவணங்கிய கனகவள்ளி, சந்தின் முழு நீளமும் பின்னோக்கி நடந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வீடு சேர்ந்தாள்.

மூன்றாம் நாள் நிகழ்ந்ததை எவ்வாறு உரைப்போம். கீழ்த்திசையினின்று முப்பிடாதியம்மாள் செந்நிறச் சமையல் சிலிண்டரை இடையில் ஏந்தி இடியென வந்தாள். மேல்திசையினின்று கனகவள்ளி தன் உருவத்தினும் பெரிய மூட்டையைச் சிரமேற் கொண்டு மலை நடந்தாற்போல் வந்தாள். மாடிச் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சிலிண்டர் பெரிதா, மூட்டை பெரிதா என்று தீர்ப்பளிக்க வல்லார் ஒருவரும் அவற்றில் இல்லை. மீட்டர் பெட்டியின் அடியில் இரு பெரும் சுமைகளும் இம்மியும் பின்வாங்காது நின்றன. வியர்வை ஆறாகப் பெருகிற்று.

அப்போது முப்பிடாதியம்மாளின் இடை சற்றே தளர, சிலிண்டர் சுவரில் இடித்துக் கோயில் மணிபோல் ‘ணங்’ என்று ஒலித்தது. நிறைந்த சிலிண்டர் அவ்வாறு ஒலிக்காது என்பதைச் சன்னல்கள் அனைத்தும் அறியும். கனகவள்ளி சிரித்தாள். சிரித்த அதிர்வில் மூட்டையின் ஓர் ஓரம் அவிழ, வானோர் பூமாரி பொழிந்தாற்போல், இருவர் தலைமீதும் சொரிந்தது பொரி.

முகத்தில் ஒட்டிய பொரியை இருவரும் துடைத்துக்கொண்டார்கள்.

“காலி சிலிண்டராக்கா?” என்றாள் கனகவள்ளி, மெதுவாக.

“நீ மட்டும் என்னட்டி, பொரியத்தான சொமந்துட்டு வந்துருக்க.”

“டாக்டரம்மா நடக்கச் சொல்லிருக்காவ. வேற எங்க போயி நடக்க?”

முப்பிடாதியம்மாள் சிலிண்டரைக் கீழே இறக்கினாள்.

“எனக்கும் அதாம்ட்டி. ஒனக்குச் சக்கர எம்புட்டு?”

“சாப்ட்ட பொறவு நூத்தித் தொண்ணூறு. ஒங்களுக்கு?”

“எரநூத்தி அறுவது.”

அண்டம் அதிர, எண்திசை யானைகளும் பிளிற, சன்னல்தோறும் குக்கர்கள் வெற்றிச் சங்கென முழங்க, பொரி படிந்த கூந்தலும் பொருது சிவந்த விழிகளுமாய் நின்ற மளிகைக்குலக் கொழுந்து, அப்பேரெண்ணைச் செவியுற்ற மாத்திரத்தில், குடத்தினும் மூட்டையினும் கனத்ததொரு சுமை தன் எதிரே நிற்கக் கண்டு, தொன்றுதொட்ட நீதிக்கு மீண்டும் ஒருமுறை தலைவணங்கினாள்.

கனகவள்ளி கதவோரமாக ஒதுங்கி, “நீங்க மொதல்ல போங்கக்கா” என்றாள்.