நாலாவது கொட்டாய்

"இன்னையிலிருந்து ஒரே மாசம். தூக்க மாத்திரையை என்ற மனோபலத்துலயே விட்டுக் காட்டறேன். தோத்தா பண்ணைச் சாவி உன்ற கையில!"

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் மூன்று கோழிக் கொட்டாய்களை இருபது வருஷமாக ஆண்டுவரும் காளியப்பன், இடுப்புச் சாவிக்கொத்தைக் குலுக்கிச் சபதம் போட்டார். இரண்டு வருஷமாக மாத்திரை போட்டால்தான் அவருக்குக் கண் மூடும். 'ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், பாதி, கால் என்று குறையுங்கள், பழக்கத்தை மாற்றுங்கள்' என்று டாக்டர் சீட்டு எழுதியிருந்தார். பழக்கமென்றால் பத்து மணிக்குப் பரோட்டா, பதினொன்றுக்குக் காபி, அதன்பின் இரண்டு மணி வரை போனில் வீடியோ. அதையெல்லாம் விடுவதற்கு உயிரையே விடலாம்.

மனைவி சென்னம்மாள் அந்தச் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஆகட்டுமுங்க. நீங்க நெனச்சா முடியாதுங்களா?"

அன்றிலிருந்து ஊரே அவருக்கு எதிராகச் சதி செய்தது. சொல்லி வைத்தாற்போல் எட்டரைக்குக் கரண்ட் போனது. டிவி செத்தது. வைஃபை செத்தது. இன்வெர்ட்டர் புண்ணியத்தில் ஃபேன் மட்டும் சுற்றியது. சார்ஜர் எங்கே போனதென்று சார்ஜருக்கே தெரியவில்லை. காபித்தூள் தினமும் மத்தியானத்தோடு தீர்ந்தது. பகலில் கொஞ்சம் கண்ணயரலாமென்று கட்டிலைத் தொட்டால் போதும்.

"ஏனுங்க, கருவேப்பிலை மறந்துட்டனுங்க. ஒரு நட போய் வாங்கியாறீங்களா?"

"நேத்தும் இதையேதான புள்ள சொன்ன?"

"நேத்து மறந்தது கொத்தமல்லியுங்க."

இருட்டில் மனுஷன் என்னதான் செய்வார்? படுத்தார். முதல் வாரம் புரண்டார். இரண்டாம் வாரம் சென்னம்மாள் எடுத்துக் கொடுக்கும் மாத்திரை பாதியானது, கொட்டாவி வந்தது. மூன்றாம் வாரம் காலானது. நாலாம் வாரம் மாத்திரையே இல்லை. ஒன்பது மணிக்கு அவர் விட்ட குறட்டையில் மூன்றாவது கொட்டாய்க் கோழிகள் விழித்துக்கொண்டன. விடிகாலை ஐந்துக்குப் பளீரென்று விளக்கெரிந்தது, எழுந்து உட்கார்ந்தார். உடம்பு பஞ்சாக இருந்தது. காளியப்பனுக்குத் தன்மேலேயே பக்தி வந்துவிட்டது.

முப்பதாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு அன்பரசு தேடி வந்தான்.

"ஏனுங்கண்ணா, எனக்கும் தூக்கமே வர்றதில்லீங்க. எப்படீங்க சாதிச்சீங்க?"

"மனோபலம் தம்பி! கரண்டும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுச்சு. தெனமும் எட்டரைக்குப் போயிருதல்ல?"

"கரண்டுங்களா? எங்கூட்டுல ஒரு நாளும் போகலீங்களே!"

இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பம். காளியப்பன் மீட்டர் பெட்டிக்கு ஓடினார். கோழிக் கொட்டாய்களில் விளக்கை நேரத்துக்குப் போட்டு அணைக்கும் டைமர் ஒன்று அவர் வீட்டு லைனில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பக்கத்து ஆணியில் ஒரு அட்டை. ஒவ்வொரு கொட்டாய் வாசலிலும் தொங்குகிற அதே அட்டை. சென்னம்மாளின் குண்டுக் கையெழுத்து.

'கொட்டாய்: 4. உருப்படி: 1. தீவனம்: சாயங்காலம் ஆறரைக்கு ராகிக்களி. வெளிச்சம்: எட்டரையோடு நிறுத்தம். நடை: கருவேப்பிலை. மாத்திரை: முழுசு, அரை, கால், இல்லை. உறக்கம்: ஏழே முக்கால் மணி நேரம். முட்டை: ____'

காளியப்பன் அட்டையை இரண்டு தடவை படித்தார். பத்தாயிரம் கோழிகளை ஒரே சுவிட்சில் தூங்கவைப்பேன் என்று இருபது வருஷமாகப் பீற்றிக்கொண்டவர். அந்தச் சுவிட்சைத் தனக்கும் போடலாமென்று ஒரு நாளாவது தோன்றியிருக்குமா? கோபப்படத்தான் நினைத்தார். வந்ததென்னவோ மலைப்புதான். இப்படி ஒருத்தியோடா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினோம் என்று அவருக்குக் கைகூப்பத் தோன்றியது.

சமையலறைக்குப் போய், சாவிக்கொத்தை அவிழ்த்து நீட்டினார்.

"நீயே வெச்சுக்க சாமி. செயிச்சது நானில்ல."

வேண்டாமென்று ஒரு பேச்சுக்காவது சொல்வாள் என்று பார்த்தார். சென்னம்மாள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மிச்சமிருந்த கொஞ்சம் மானத்துக்காக, காளியப்பன் அட்டையில் ஒரு குறை கண்டுபிடித்தார்.

"எல்லாஞ் செரி. இந்த முட்டைக் கட்டத்த மட்டும் ஏம்புள்ள சும்மா உட்டுட்ட?"

"இட்டா எழுத மாட்டனுங்களா?"